அந்தச் சக்கரம் யார் கையில்?

ஆடி பிறந்துவிட்டால் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் செடல், தீமிதி என்று வரிசையாக நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிவிடுவார்கள். மெல்லிசைக் கச்சேரி இல்லாத திருவிழா எங்கள் பக்கம் குறைவு. அந்தக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் கிட்டார் அலறும், விசும்பும், வானத்துக்கு ஏறி இறங்கும். ஆனால் மேடையை உற்றுப் பார்த்தால் பல இடங்களில் கிட்டாரே இருக்காது. கிட்டார்க்காரர் ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்ளும் வசதி சின்னக் குழுக்களுக்குக் கிடையாது. அந்தச் சத்தம் கீபோர்டிலிருந்து வருகிறது. கீபோர்டுக்குப் பின்னால் ஓர் ஆண் நிற்கிறார். அவருடைய வலக்கை கட்டைகளை அடிக்கிறது. இடக்கை ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு சக்கரத்தை உருட்டுகிறது. கிட்டாரின் உயிர் அந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சக்கரத்தை எங்கள் பெண்பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பாகூர்ப் பக்கம் குழுக்களில் வாசிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லியனூரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஒரு சக்கரத்தின் கதையைச் சொன்னாலே, இசையில் பெண்ணுக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது முழுவதும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பெண்கள் கீபோர்டு வாசிப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஊர் தேவாலயங்களில் பாடல்குழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது பெரும்பாலும் பெண்பிள்ளைதான். பள்ளி ஆண்டு விழாவில் அவள்தான். டியூஷன் வகுப்பில் பாதிக்கு மேல் அவள்தான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் காணாமல் போகிறாள். அதே வகுப்பில் அவளைவிடச் சுமாராக வாசித்த பையன் பதினெட்டு வயதில் மேடையில் நிற்கிறான். ஏன் என்று கேட்டால், "அவனுக்கு எல்லா டோனும் தெரியும், அவ கார்டுதான் புடிப்பா" என்பார்கள். உண்மைதான். அவனுக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது? கச்சேரி முடிந்த பிறகு டீக்கடையில், சவுண்டு செட்காரர் வண்டியில், மூத்த வாசிப்பாளரின் வீட்டு மாடியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பென் டிரைவில் போட்டுக்கொடுத்தார்கள். இந்த இடங்கள் எதற்கும் அவள் போக முடியாது. வகுப்பில் அவளுக்குக் கிடைத்தது பியானோ டோனும் ஸ்ட்ரிங்ஸ் டோனும். அடக்கமாக, பின்னணியில், பாடுகிறவருக்குத் துணையாக நிற்கும் சத்தங்கள்.

மேடையில் பெண் இல்லாமலும் இல்லை. பாடகியாக இருக்கிறாள், ஆடுகிறவளாக இருக்கிறாள். குரலையும் உடம்பையும் கொண்டுவந்தால் இடமுண்டு. கருவியும் அதன் உள்ளமைப்பும் ஆணுடையவை. மிக்ஸர் ஆணுடையது, கிட்டார் ஆணுடையது, கிட்டாரைப்போல் ஒலிக்கும் கீபோர்டும் ஆணுடையதாகிவிட்டது. கருவியில் இல்லாத ஆண்மையை அதன் ஒலியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒரு குழுவில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து பாட்டுக்கான கிட்டார் ஒலிகளை மூன்று இரவு உட்கார்ந்து நான் உருவாக்கிக்கொடுத்தேன். வளைவின் அளவு, அதிர்வின் வேகம், எந்த அழுத்தத்தில் எந்த ஒலி வர வேண்டும் என்பது எல்லாம் என் வேலை. கச்சேரியன்று குழுத் தலைவர், "அதெல்லாம் பசங்க பாத்துக்குவானுங்க, நீ ஸ்ட்ரிங்ஸ் மட்டும் புடிம்மா" என்றார். நான் செய்த ஒலிகளை வைத்து அவருடைய அக்கா மகன் லீட் வாசித்தான். கூட்டம் கைதட்டியது. நோட்டீஸில் அவன் பெயர் இருந்தது. என் கூலி அவன் கூலியில் பாதி. கேட்டதற்கு, "பொம்பளப் புள்ள மேடையில நின்னு கிட்டார் இழுத்தா பாக்க நல்லாவா இருக்கும்?" என்றார். வாசிப்பு நன்றாக இல்லை என்று அவர் சொல்லவில்லை. பார்க்க நன்றாக இருக்காது என்றார்.

டீக்கடையில் பையன்களுக்கு மட்டும் சொல்லப்படும் ரகசியம் என்ன என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கிற எந்தப் பெண்ணும் இனிமேல் யாரிடமும் போய்க் காத்திருக்க வேண்டாம்.

முதலில் டோன். 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 25 முதல் 32 வரை கிட்டார் ஒலிகள். 29 உள்ளங்கையால் அடக்கி வாசிப்பது, 30 ஓவர்டிரைவ், 31 டிஸ்டார்ஷன், 32 ஹார்மோனிக்ஸ். பலர் 31ஐத் தேர்ந்தெடுத்து பியானோ மாதிரியே வாசித்துவிட்டு, "கிட்டார் மாதிரி வரலியே" என்பார்கள். டோனை மாற்றினால் மட்டும் கிட்டார் வந்துவிடாது. கையும் மாற வேண்டும்.

அடுத்தது கார்டு. டிஸ்டார்ஷனில் மூன்று சுர கார்டை நெருக்கமாகப் பிடித்தால் ஒலி கலங்கிவிடும். காந்தாரத்தை விட்டுவிடுங்கள். சட்ஜமம், பஞ்சமம், மேல் சட்ஜமம் மட்டும் பிடியுங்கள். ராக் இசைக்காரர்கள் 'பவர் கார்டு' என்று சொல்வது இதைத்தான். இது தம்பூராவின் சுருதிதானே என்று உங்களுக்குத் தோன்றினால் அது சரி. காலங்காலமாகப் பெண்ணின் மடியில் கொடுத்து, பாடகருக்குப் பின்னால் உட்கார வைத்த அதே சா-பா-சா. மேடையின் முன்னால் வந்து மின்சாரம் ஏறியதும் அதற்கு ஆண்மை என்று பெயர் வந்துவிட்டது.

கிட்டாரின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணமாகச் சுருதி கூட்டிய கிட்டாரின் அடிக் கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். கீபோர்டில் நடு 'சி'க்குக் கீழே இரண்டாவது 'ஈ'. அதற்கும் கீழே இறங்கி லீட் வாசித்தால் கேட்கிறவர் காது உடனே கண்டுபிடித்துவிடும். ரிதம் வாசிக்கும்போது எல்லாக் கட்டைகளையும் ஒரே நொடியில் அழுத்தாதீர்கள். கீழ்நோக்கி மீட்டும்போது தடித்த கம்பி முதலில் ஒலிக்கும், மேல்நோக்கி மீட்டும்போது மெல்லிய கம்பி முதலில் ஒலிக்கும். விரல்களும் அந்த வரிசையில், மயிரிழை இடைவெளி விட்டு விழ வேண்டும்.

இப்போது சக்கரம். பிட்ச் பெண்ட் சக்கரத்துக்கு மிடி முறையில் 0 முதல் 16,383 வரை மதிப்பு உண்டு, ஓய்வு நிலை 8,192. பெரும்பாலான கீபோர்டுகளில் அது மேலே ஒரு முழுச் சுரம், கீழே ஒரு முழுச் சுரம், அதாவது இரண்டு இரண்டு அரைச் சுரங்கள் வளைக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். கம்பியை ஓரமாக இழுத்தால் இறுக்கம் கூடும், இறுக்கம் கூடினால் சுருதி ஏறும். அதனால் விரலால் வளைக்கும் கிட்டார்க் கம்பி மேலேதான் போகும். 'ஜி' கேட்க வேண்டுமானால் 'ஜி'யை அடிக்காதீர்கள். 'எஃப்' கட்டையை அடித்து, சக்கரத்தை முழுவதும் மேலே தள்ளி 'ஜி'க்கு ஏறுங்கள். சில இடங்களில் சக்கரத்தை முன்பே மேலே தள்ளி வைத்து, பிறகு கட்டையை அடித்து, மெல்ல இறக்குங்கள். அழுகை போல ஒலிப்பது அதுதான். சக்கரம் ஸ்பிரிங்கில் துள்ளித் திரும்பப் பார்க்கும். கட்டைவிரல் அதை விடக் கூடாது.

கிட்டாரில் இரண்டு கம்பிகளைச் சேர்த்து அடித்து ஒன்றை மட்டும் வளைப்பார்கள். கீபோர்டில் சக்கரத்தை உருட்டினால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். அதற்கு வழி: கிட்டார் ஒலியை இரண்டு பகுதிகளாக, இரண்டு சேனல்களில் வையுங்கள். ஒன்றுக்கு வளைவு அளவு 2, மற்றொன்றுக்கு 0. ஒன்று ஏறும், மற்றொன்று அசையாமல் நிற்கும். சக்கரத்தின் அளவு ஒரு பொத்தானில் மாற்றக்கூடியது என்பதே பல பெண்பிள்ளைகளுக்குத் தெரியாது. 'ஃபங்க்ஷன்' பட்டியலைத் திறக்காதே, செட்டிங் போய்விடும் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். திறங்கள். எதை மாற்றுவதற்கு முன்பும் பழைய மதிப்பை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எதுவும் கெட்டுப்போகாது.

கம்பியை மறுபடி மீட்டாமல் இடக்கை விரலாலேயே அடுத்த சுரத்தை எடுப்பது கிட்டாரில் உண்டு. அதற்கு 'மோனோ' நிலையில் லெகாட்டோவை இயக்கி, முதல் கட்டையை விடாமல் அடுத்ததைத் தொடுங்கள். புதிய அடி கேட்காது, சுரம் மட்டும் மாறும். அதிர்வுக்கு மாடுலேஷன் சக்கரம் இருக்கிறது. ஆனால் அது யந்திரம்போல ஒரே சீராக, சுரத்தின் மேலும் கீழும் ஆடும். விரலின் அதிர்வு சற்றுத் தாமதித்துத் தொடங்கும், சுரத்துக்கு மேலே மட்டும் போய்வரும். நீண்ட சுரம் பிடித்தபின், பிட்ச் பெண்ட் சக்கரத்தைக் கட்டைவிரலால் கொஞ்சமாக முன்னே தள்ளித் தள்ளி விட்டால் அது வந்துவிடும். மெல்லத் தொட்டால் அடக்கிய ஒலியும், அழுத்தி அடித்தால் திறந்த ஒலியும் வரும்படி அழுத்தத்தால் பிரித்து வைக்கலாம்.

அவ்வளவுதான் ரகசியம். இதில் தசைபலம் எங்கே வேண்டியிருக்கிறது? மீசை எங்கே வேண்டியிருக்கிறது? காது வேண்டும், பொறுமை வேண்டும், இரண்டு மாதம் யாரும் கூப்பிடாமல் உட்கார ஓர் இடம் வேண்டும். மூன்றாவதுதான் எங்கள் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. கீபோர்டு முன் பையன் உட்கார்ந்தால் வீட்டில் அது சாதகம். பெண் உட்கார்ந்தால், "அடுப்புல பால் வெச்சிருக்கேன், பாரு" என்று ஒரு குரல் வரும்.

மெட்டின் மேல் அழுந்திய கம்பியை ஓரமாக இழுத்துச் சுரத்தை வளைக்கும் வித்தை மின்சார கிட்டாரோடு பிறந்ததும் இல்லை. நம் வீணை அதைத்தான் செய்கிறது. இருபத்துநான்கு மெட்டுகள், இடக்கை இழுக்கும், வலக்கை மீட்டும். வீணை தனம்மாள் (1867–1938) என்ற பெயரை இசை தெரிந்தவர்கள் இன்றும் மரியாதையோடுதான் சொல்கிறார்கள். அவர் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபுப் பெண்களை இழிவாகப் பேசி ஒதுக்கிவிட்டு, அவர்களுடைய கலையை மட்டும் எடுத்துக்கொண்டு, வசதியான வீட்டுக் கூடங்களில் பெண்பார்க்கும் நாளுக்கான அலங்காரமாக வீணையை வைத்தார்கள். சேலியமேட்டிலும் கிருமாம்பாக்கத்திலும் நடவுக்குப் போகிறவர் மகளுக்கு அந்த வீணையும் கிடைக்கவில்லை. அவள் கைக்கு எட்டியது தவணையில் வாங்கிய ஐந்து ஆக்டேவ் கீபோர்டுதான். அதில் கம்பியை இழுக்கும் வித்தை ஒரு சக்கரமாக வந்து சேர்ந்திருக்கிறது. அது அவளுக்கு அந்நியமானது என்று யார் சொல்வது?

"என்ன இருந்தாலும் அது போலிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டை வாத்தியங்கள் மேல் இந்தப் பழி பழையது. சுரத்தை வளைக்க முடியாது, கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. இன்று கே. சத்யநாராயணன் கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார், வளைவுச் சக்கரத்தால் கமகம் வாசிக்கிறார், சபாக்கள் கேட்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வயலினை எடுத்துக் குரலைப்போல் வாசிக்கப் பழக்கினார்கள். அதை யாரும் போலி என்பதில்லை. 1970களில் ஜான் ஹாமர் மினிமூக்கின் சக்கரத்தை உருட்டி, கிட்டார்க்காரர்களோடு போட்டி போட்டு கிட்டார் போலவே வாசித்தபோது உலகம் அவரை மேதை என்றது. ஆண் செய்தால் மேதைமை, பாகூர்ப் பெண் செய்தால் போலி. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே புரிகிறது.

பெண்ணிய நண்பர்கள் சிலர் வேறு கேள்வி கேட்கிறார்கள். ஆணின் அலறலை நாம் ஏன் நகலெடுக்க வேண்டும், நமக்கென்று ஓர் ஒலி வேண்டாமா என்கிறார்கள். மதிப்போடு மறுக்கிறேன். அந்த அலறல் ஆணுடையது என்பதையே நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் ராக் இசை என்ற பெயர் பரவுவதற்கு முன்பே எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டி மேடையை அதிரவைத்தவர். அவர் 1973இல் இறந்தார். ராக் இசைக்கான புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018இல். மின்னணு இசையும் அப்படித்தான். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடருக்கு 1963இல் அந்த விநோதமான முகப்பு இசையை ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டி உண்டாக்கியவர் டீலியா டெர்பிஷைர். மெட்டெழுதிய ஆணின் பெயர் போட்டார்கள். அவர் பெயர் திரையில் வர 2013 ஆனது. இந்தியாவில் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சிந்தசைசர் வந்தபோது அதில் இசை செய்தவர்களில் கீதா சாராபாய் ஒருவர். எங்கள் கீபோர்டு வகுப்புகளில் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஏ.ஆர். ரகுமானின் கதையைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. 1976இல் அவர் தந்தை ஆர்.கே. சேகர் இறந்தபின் அந்தக் குடும்பம் அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது. அந்தச் சுமையைத் தாங்கி வீட்டை நடத்தியவர் தாய் கரீமா பேகம். அவரை நாம் 'தியாகத் தாய்' என்று மட்டும் சொல்கிறோம். இசைக்கருவி வாடகைத் தொழில் நடத்திய பெண் என்று சொல்வதில்லை. அதே வேலையை ஓர் ஆண் செய்திருந்தால் அவரைத் தொழில் தெரிந்தவர் என்றிருப்போம்.

கடைசியாக, எல்லோரும் எடுத்து நீட்டும் காரணம் ஒன்று உண்டு: இரவு. கச்சேரி முடிய ஒரு மணி, இரண்டு மணி ஆகும், பஸ் கிடையாது, பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது? இந்தக் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வேனில், அதே இரவில், பாடகி வருகிறாளே? ஆடுகிற பெண்கள் வருகிறார்களே? அவர்களுக்கு இரவு இல்லையா? பாடுவதற்கும் ஆடுவதற்கும் பெண் தேவைப்படும்போது இரவு ஒரு தடையாக இருப்பதில்லை. வேன் வருகிறது, வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறது. கருவிக்குப் பெண் என்றதும் இரவு இருண்டுவிடுகிறது. அப்படியானால் தடை இரவில் இல்லை.

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. குழு நடத்துகிறவர்களுக்கு: ஒலி உருவாக்கியவர் பெயரையும் நோட்டீஸில் போடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள். கீபோர்டு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு: மூன்றாவது மாதத்திலேயே பெண்பிள்ளைகளின் இடக்கையைச் சக்கரத்தில் வையுங்கள். ஃபங்க்ஷன் பட்டியலை அவர்களே திறக்கட்டும். கோயில் விழாக் குழுக்களுக்கு: குழுவைப் பேசும்போது, கருவி வாசிக்கும் பெண் இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவர் பணம் கொடுப்பவராக இருந்தால் பதில் மாறும். கொம்யூன் பஞ்சாயத்துக்கு: ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானம் தந்த செப்பேட்டைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். இன்று ஊர்கள் வேண்டாம். சமுதாயக் கூடத்தில் ஓர் அறை, இரண்டு கீபோர்டு, ஒரு ஸ்பீக்கர், மாலை ஐந்து முதல் ஏழு வரை பெண்களுக்கு மட்டும் ஒரு சாவி போதும்.

படிக்கிற பெண்களுக்கு ஒன்று. மேலே சொன்ன எண்களையும் முறைகளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் ஒலிகளை உங்கள் பென் டிரைவில் வையுங்கள், ஒவ்வொரு கோப்புக்கும் உங்கள் பெயரையே வையுங்கள். யாருக்காவது கொடுப்பதானால் கூலி பேசிவிட்டுக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை கேட்டால் மட்டும் இலவசமாகச் சொல்லிக்கொடுங்கள். என் ஞாயிறு வகுப்பில் இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள். ஏழு பேருக்கும் 'எஃப்' அடித்து 'ஜி'க்கு ஏறத் தெரியும். வரும் ஆடியில் அவர்களில் இரண்டு பேர் மேடையேறுகிறார்கள். லீட் அவர்களுடையது, ஸ்ட்ரிங்ஸைப் பையன்கள் பிடிக்கட்டும்.